பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனி: முழு ஸ்கோரையும் டைப் செய்வது படிப்பா, வெட்டி வேலையா?

மழைக்கிளி
பீத்தோவன் ஐந்தாம் சிம்பொனியின் முதல் பகுதியின் ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றாக இருக்கும் இசைத்தாளை) மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு நோட்டாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஆர்கெஸ்ட்ரேஷன், அதாவது எந்தச் சுரத்தை எந்த வாத்தியத்துக்குக் கொடுப்பது என்பதைப் படிக்கத்தான். ஐந்து வாரத்தில் 130 பார் (தாள அளவு) ஆகியிருக்கிறது. இத்தனை வருடம் கேட்டும், அந்த முதல் நான்கு சுரங்கள் வெறும் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் குடும்பம்) என்றே நினைத்திருந்தேன். கிளாரினெட் என்ற ஊதுகுழலும் கூடவே வாசிக்கிறது! ஏற்றும்போதுதான் கண்ணில் பட்டது. வேறு யாராவது இப்படிப் படிக்கிறீர்களா?

பென்சில்முனை
ஸ்கோரின் முதல் பக்கத்தைத் திறந்தாலே கிளாரினெட் தெரியுமே, அதற்கு ஐந்து வாரமா? 502 பார், வாத்தியங்களுக்கு 12 வரிசை. கிட்டத்தட்ட 6,000 கட்டம், அதில் பெரும்பங்கு ஓய்வுக்குறி. இது படிப்பு இல்லை, டைப்பிங். இசைத்தட்டைப் போட்டுவிட்டு ஸ்கோரை விரலால் தொடர்ந்து போங்கள், பத்து முறை. அப்புறம் பியானோவுக்குச் சுருக்கி எழுதிப் பாருங்கள். எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்கும்போதுதான் மூளை வேலை செய்யும்.

மழைக்கிளி
விரலால் தொடர்ந்தவன்தான் நானும். கண் எப்போதும் முதல் வயலினிலேயே நிற்கும். வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா என்ன செய்கிறது என்று டைப் செய்யும்போதுதான் தெரிந்தது.

தாமிரக்குழல்
நான் ஹார்ன் (பித்தளை ஊதுகுழல்) வாசிப்பவன், ஒன்று சொல்லட்டுமா? 59ஆவது பாரில் ஹார்ன்கள் முழங்குகின்றன அல்லவா, அதே அழைப்பு 303இல் திரும்ப வரும்போது பசூன் என்ற மரக்குழலுக்குப் போய்விடுகிறது. காரணம் தெரியுமா? 1808இல் ஹார்னுக்கு வால்வு (சுரத்தை மாற்றும் விசை) கிடையாது. ஈ-ஃப்ளாட் குழாயில் தானாகக் கிடைக்கும் சுரங்கள் முதல் முறை சரியாகப் பொருந்தின. திரும்ப வரும்போது பாட்டு சி மேஜர் என்ற வேறு சுருதிக்கு மாறிவிடுகிறது. அதே அழைப்பை அந்தக் குழாயில் திறந்த சுரமாக (வாயில் கையை நுழைத்து அடைக்காமல்) வாசிக்க வழியில்லை. குழாயை மாற்றிப் பொருத்தவும் நேரம் போதாது.

இப்போது உங்கள் மென்பொருளில் அந்தப் பசூன் வரியை வெட்டி ஹார்னில் ஒட்டிப் பாருங்கள். சமர்த்தாக வாசிக்கும். வரம்பு மீறினால் மட்டும்தான் நோட்டுக்கு நிறம் மாறும். வால்வு இல்லாத குழாயின் கஷ்டம் அதற்குத் தெரியாது. மென்பொருளில் எதுவும் கஷ்டம் இல்லை, அதுதான் அதன் கோளாறு.

பென்சில்முனை
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒலிச்சமனும் அப்படித்தான். ஸ்லைடரை ஏற்றினால் ஒற்றைப் புல்லாங்குழல் இரண்டு ட்ரம்பெட்டை அமுக்கிவிடும். அதைக் கேட்டுக் காதைப் பழக்கினால் கெட்டது போங்கள்.

மழைக்கிளி
தாமிரக்குழல் அண்ணா, 303 விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் அங்கே பசூன் இருக்கிறது என்பதே டைப் செய்பவனுக்குத் தப்பாது. கேட்பவனுக்குத் தப்பிவிடும். இன்றும் சில கண்டக்டர்கள் அந்த இடத்தை ஹார்னுக்கே கொடுத்துவிடுகிறார்கள், அந்த ஒலிப்பதிவை வைத்துப் படித்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. எழுதியதை அப்படியே ஒலிக்க வைக்கும் கான்செர்ட் பிட்ச் பொத்தான் போட்டிருப்பதை மறந்து, எழுதியதைவிட ஒரு சுரம் கீழே ஒலிக்கும் பி-ஃப்ளாட் கிளாரினெட்டின் வரியை ஸ்கோரில் கண்டபடியே ஏற்றிவிட்டேன். ஜி-க்கு மேல் ஏ உட்கார்ந்து, முதல் பாரிலேயே காது கூசியது. ட்ரான்ஸ்போசிஷன் (எழுதும் சுரமும் ஒலிக்கும் சுரமும் வேறாக இருப்பது) எனக்குப் புரிந்தது அந்த நிமிடம்தான். பென்சிலும் தாளும் அப்படி அலறுமா?

பென்சில்முனை
அலறாது, ஆனால் யோசிக்க வைக்கும். இசையமைப்பாளர் பாக், விவால்டியின் கான்செர்ட்டோக்களைக் கீபோர்டுக்கு மாற்றி எழுதியது நினைவிருக்கிறதா? அது நகல் மட்டும் இல்லை. நீங்கள் செய்வது வெறும் நகல்.

தாமிரக்குழல்
சண்டை வேண்டாம். தம்பி, 124 பார் வரை, அதாவது ரிபீட் குறி வரை ஏற்றிவிட்டீர்கள், போதும். மிச்சத்தை ஏற்றாதீர்கள். 303ஐச் சுற்றி ஒரு பதினைந்து பார் மட்டும் தனி ஃபைலில் போட்டு, பசூனுக்கும் ஹார்னுக்கும் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

மழைக்கிளி
சரி அண்ணா. 130 பார் ஏற்றியாயிற்றே, அந்த ஆறு பாரை என்ன செய்வது?

பென்சில்முனை
பியானோவுக்குச் சுருக்குங்கள். பென்சிலில்.