மரண அறிவித்தலில் ‘ரிமெய்ன்ஸ்’

கொழும்பில் வெளியாகும் ஆங்கிலப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களில் “ரிமெய்ன்ஸ் லை அட்” (உடல் வைக்கப்பட்டிருக்கும் இடம்) என்று வரும் வரியைப் பார்க்காதவர்கள் குறைவு. அதையடுத்து, உடலை அஞ்சலிக்கு வைக்கும் மலர்ச்சாலையின் பெயரும், பொரளை கனத்தை மயானத்துக்கு ஊர்வலம் புறப்படும் நேரமும் இருக்கும். உறவினருக்கும் அயலவருக்கும் இவ்வறிவித்தல்களை இரு மொழிகளிலும் எழுதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில், ஆங்கிலத்தில் எழுதுவதுதான் எனக்கு எப்போதும் இலகுவாக இருந்திருக்கிறது. “ரிமெய்ன்ஸ்” பன்மை என்பதை மறந்து “லைஸ்” என்று போடாமலிருந்தால் போதும்.

தமிழிலோ வீட்டாரிடம் விசாரிக்காமல் பேனையை எடுக்க முடியாது. இந்துக் குடும்பத்தினர் என்றால் “பூதவுடல்” அஞ்சலிக்காக வைக்கப்பட்டு, கிரியைகளின் பின் தகனத்துக்கு எடுத்துச் செல்லப்படும். கிறிஸ்தவர் சிலர் “திருவுடல்” என்றே எழுத வேண்டும் என்பர், அடுத்த வரியில் “நல்லடக்கம்” வரும். முஸ்லிம் நண்பர்களுக்கோ “ஜனாஸா” ஒன்றுதான், அது ஜாவத்தை அல்லது குப்பியாவத்தை மையவாடிக்குச் செல்லும், ஆங்கில அறிவித்தலிலும் அவர்கள் பெரும்பாலும் அச்சொல்லை மாற்றுவதில்லை.

உடலை மட்டுமன்றிச் சாம்பலையும் இந்த ஆங்கிலச் சொல் குறிக்கும் என்பதை, இலண்டனில் அண்ணனை இழந்த அயலவர் ஒருவருக்கு வந்த கடிதம் காட்டியது. “ரிமெய்ன்ஸ்” அனுப்பப்படுகிறது என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குச் சவப்பெட்டி வரப்போகிறது என்று மலர்ச்சாலையில் நாள் கேட்கக் கிளம்பிவிட்டார். முன்னால் நின்ற “கிரிமேட்டட்” என்ற சொல்லை அவருடைய மகள் சுட்டிக்காட்டிய பிறகே, தகனம் அங்கேயே முடிந்து அஸ்திதான் வருகிறது என்பது விளங்கியது. அறிவித்தலுக்குப் பதிலாக, அஸ்தி கரைக்கும் நாளைச் சொந்தக்காரருக்குத் தொலைபேசியில் சொன்னோம்.

செய்திகளில் இச்சொல்லைக் காணும்போதுதான் எனக்குச் சங்கடம் அதிகம். 2018இல் மன்னார் சதொச விற்பனை நிலைய வளாகத்திலும் 2025இல் யாழ்ப்பாணம் செம்மணியிலும் மனிதப் புதைகுழிகளிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டவற்றை ஆங்கிலச் செய்திகள் இதே சொல்லால் குறிப்பிட, தமிழில் “மனித எச்சங்கள்” என்று எழுதினார்கள். தொல்லியலில் அது பழகிய சொல்தான், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுப் பேச்சில் எச்சம் என்றால் கூரையில் காகம் இட்டதுதான் முதலில் நினைவுக்கு வரும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் வாசிக்கும் செய்தியில் “என்புத் தொகுதி” என்றோ, வெறுமனே “எலும்புகள்” என்றோ எழுதுவதையே நான் விரும்புவேன்.