டெர்மாஸ்கோப் பயிற்சி: ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்கு இரண்டு நாளில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

வட்டார_எம்ஓ:

வணக்கம். எங்கள் வட்டாரத்தில் 12 மருத்துவ அலுவலர்களுக்கும் 6 ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் இரண்டு சனிக்கிழமை டெர்மாஸ்கோப் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் வெளிச்சமுள்ள கைலென்ஸ்) பயிற்சி வைக்கப் போகிறோம். நோக்கம் தோல் புற்றைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. கருவி நான்கு இருக்கிறது. 10 மடங்கு பெரிதாக்கும் வகை, போலரைஸ்டு (மேல்தோலின் பிரதிபலிப்பை வடிகட்டுவது), நான்-போலரைஸ்டு (வடிகட்டாதது) இரண்டு வெளிச்சமும் வரும், போனில் மாட்ட அடாப்டர் உண்டு. தோல் நிபுணர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில்தான். வாரம் ஒருமுறை படம் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

பாடம் தேடினால் ஏபிசிடி, ஏழு புள்ளி, மூன்று புள்ளி, மென்சீஸ், கேயாஸ் அண்ட் க்ளூஸ் என்று ஆளுக்கொரு முறை சொல்கிறார்கள். படமெல்லாம் வெள்ளைத் தோல். நம் ஊர் ஓபிக்கு எந்த முறை பொருந்தும்? நர்ஸ்களுக்கு எதுவரை சொல்லித்தரலாம்? பயிற்சி பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தோல்_ஓபி:

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள் சார். உங்கள் டாக்டர்கள் நோயின் பெயரைச் சொல்லப் பழக வேண்டுமா, "அனுப்பணுமா, விடலாமா" என்று முடிவெடுக்கப் பழக வேண்டுமா? இரண்டு சனிக்கிழமையில் பின்னது மட்டுமே நடக்கும், அது போதும். 2006-ல் வெளியான ஒரு ஆய்வில் பார்சிலோனா, நேப்பிள்ஸ் நகரங்களின் 73 பொது மருத்துவர்களுக்கு ஒரே நாள் பயிற்சிதான் கொடுத்தார்கள், மூன்று புள்ளி முறையில். அனுப்ப வேண்டியதைச் சரியாக அனுப்பியது வெறும் கண்ணால் பார்த்தவர்களிடம் 54.1%, டெர்மாஸ்கோப் வைத்திருந்தவர்களிடம் 79.2%. தேவையில்லாமல் அனுப்புவதும் கூடவில்லை. அதே சமயம் 2002-ல் வந்த கிட்லர் குழுவின் தொகுப்பாய்வு, பழக்கமில்லாதவர் கையில் இந்தக் கருவி வெறும் கண்ணைவிட எதையும் கூடுதலாகத் தருவதில்லை என்று காட்டியது. ஆகவே கருவியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

முதல் நாள் காலை முழுக்க மெலனோமா (நிறமிச் செல்லில் வரும் கொடிய தோல் புற்று) படம் ஒன்றுகூடக் காட்ட வேண்டாம். ஸெபோரிக் கெரட்டோசிஸ் (வயதில் வரும் மரு), ஆஞ்ஜியோமா (ரத்தக் குழாய்க் கட்டி), டெர்மட்டோஃபைப்ரோமா (கெட்டியான நார்க்கட்டி), புற்றல்லாத இந்த மூன்றும் கண் மூடினாலும் தெரிகிற அளவுக்குப் பழக்குங்கள். வயதானவர்கள் "மரு" என்று காட்டுவதில் பெரும்பாலானவை முதல் வகை. மூளை மடிப்பு மாதிரி மேடும் வெடிப்பும் தெரியும், நடுவே வெள்ளை மணிகள் இருக்கும். நான்-போலரைஸ்டு வெளிச்சத்தில் அந்த மணிகள் நட்சத்திரம் போலப் பளிச்சிடும், போலரைஸ்டுக்கு மாற்றியதும் மங்கிவிடும். பட்டனை மாற்றி மாற்றி அழுத்தி ஒவ்வொருவரும் இதைத் தன் கண்ணால் பார்க்கட்டும். இது உறுதிப்படாதவர் கரிய மரு ஒவ்வொன்றையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஒரே மாதத்தில் அங்கே இருப்பவர்கள் உங்கள் சீட்டைப் பிரித்துப் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பிற்பகலில் மூன்று புள்ளி. அமைப்பிலோ நிறத்திலோ சமச்சீரின்மை, தடித்துத் தாறுமாறான நிற வலை, நீல-வெள்ளைப் பகுதி. இதில் இரண்டு இருந்தால் அனுப்பு. நிறமுள்ள பேசல் செல் கார்சினோமாவையும் (மெதுவாக வளரும் தோல் புற்று) இது பிடிக்கும் என்பது நமக்கு முக்கியம். பழுப்புத் தோலில் பேசல் செல் பெரும்பாலும் கறுப்பாகத்தான் வரும். மூக்கோரம், கண்ணின் உள்முனை, கன்னம், இங்கெல்லாம் பளபளப்பான "மச்சம்" மாதிரி உட்கார்ந்திருக்கும். பாடப் படங்களில் வருகிற கிளைவிட்ட ரத்தக் குழாய்களைத் தேடினால் நம் தோலில் தவறிப்போகும். நீலச் சாம்பல் முட்டைகளையும் ஓரத்தில் இலை மாதிரி விரியும் பழுப்பையும் தேடச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாளை முழுக்கக் காலுக்கும் நகத்துக்கும் ஒதுக்குங்கள். நம் மக்களுக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருவது மிகுதி, அங்கேதான் கால் ஆணி, ஆறாத சர்க்கரைப் புண் என்று மாதக்கணக்கில் கட்டுப் போட்டுக் காலம் கடத்துகிறோம்.

உள்ளங்கால் தோலில் ரேகையின் மேடு அகலம், பள்ளம் குறுகல். மேட்டின் மேல் வியர்வைத் துளைகள் முத்துக் கோத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். நிறம் பள்ளத்தோடு போனால் சாதாரண மச்சம். அந்த முத்துகள் இருக்கிற மேட்டின் மேலேயே நிறம் படிந்திருந்தால் மெலனோமாவாக இருக்கலாம். குழப்பமாக இருந்தால் மார்க்கர் பேனாவால் மையைப் பூசி, உலர்ந்த டிஷ்யூவால் துடையுங்கள். மை பள்ளத்தில் மட்டும் நிற்கும். மச்சத்தின் நிறம் மைக் கோட்டின் மேலேயே விழுகிறதா, இரண்டு கோட்டுக்கும் நடுவில் விழுகிறதா என்று பார்த்தால் தீர்ந்தது.

இதிலும் ஏமாற்றம் உண்டு. அழுத்தத்தால் தோலுக்குள் கசிந்த ரத்தம் மேட்டில் செம்கறுப்பாகத் தெரியும். தலைச்சாயம் பட்ட கறையும் அப்படியே. 15-ஆம் எண் பிளேடால் மேல்தோலை லேசாகச் சுரண்டினால் இரண்டும் வந்துவிடும். கருந்தோல் உள்ளவர்களுக்கு இரண்டு காலிலும் பல இடங்களில் மங்கலான பழுப்புத் திட்டுகள் மேட்டில் இருப்பது இயல்பு. ஒற்றையாக, பக்கத்துத் திட்டுகளோடு ஒட்டாமல் இருப்பதைத்தான் சந்தேகிக்க வேண்டும். மேட்டு நிறமும் இல்லை, வழக்கமான மச்ச அமைப்பும் இல்லை என்றால் ஜப்பானியர் வகுத்த அளவுகோலைப் பிடியுங்கள்: 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் பயாப்சி, அதற்குள் இருந்தால் படமெடுத்துத் தொடர்ந்து பார்ப்பது.

குயின்ஸ்லாந்து_ஜிபி:

தோல்_ஓபி சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு இடத்தில் மாற்றுக் கருத்து உண்டு. மூன்று புள்ளி சீக்கிரம் கற்கலாம், ஆனால் சீக்கிரம் தேங்கியும் விடும். இங்கே ஆஸ்திரேலியாவில் பொது மருத்துவர்களே கண்டுபிடித்து, வெட்டியும் எடுக்கிறோம். அந்த அளவுக்குப் போக கேயாஸ் அண்ட் க்ளூஸ் (முதலில் ஒழுங்கின்மை இருக்கிறதா, இருந்தால் புற்றின் தடயம் உண்டா என்று பார்க்கும் முறை) நல்ல ஏணி. ஆறு மாதம் கழித்து ஆர்வமுள்ள இரண்டு மூன்று பேருக்கு மட்டும் அதைத் தொடங்குங்கள்.

புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. கேயாஸ் என்றால் வெளிவடிவம் கோணலாக இருப்பது என்று நினைக்கிறார்கள். வடிவம் கணக்கிலேயே இல்லை, உள்ளே இருக்கும் நிறமும் அமைப்பும்தான் கணக்கு. நீள்வட்டமாக, கோணலாக இருந்தாலும் ஒரே நிறம், ஒரே அமைப்பு என்றால் கேயாஸ் இல்லை. வட்டமாக அழகாக இருந்தும் ஒரு ஓரத்தில் மட்டும் சாம்பல் திட்டு இருந்தால் கேயாஸ் உண்டு.

இந்த முறைகளை நிறமில்லாத கட்டியில் நம்பியிருக்க முடியாது. புடைத்து, கெட்டியாகி, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே இருக்கிற எதுவானாலும் டெர்மாஸ்கோப்பில் என்ன தெரிந்தாலும் அனுப்ப வேண்டும். "மூன்று மாதம் கழித்து வாங்க" என்பது தட்டையான மச்சத்துக்கு மட்டுமே செல்லும். கட்டியைக் காத்திருந்து பார்க்கவே கூடாது. இதைச் சுவரில் ஒட்டலாம்.

படங்கள் பற்றி: எல்லோரும் எடுத்தாளும் எச்ஏஎம்10000 என்ற டெர்மாஸ்கோப் படத் தொகுப்பில் 10,015 படங்கள், வியன்னாவிலிருந்தும் குயின்ஸ்லாந்திலிருந்தும் வந்தவை. வெள்ளைத் தோலே மிகுதி. ஸெபோரிக் கெரட்டோசிஸ், டெர்மட்டோஃபைப்ரோமா பழக்க அதிலிருந்து எடுக்கலாம். உள்ளங்காலுக்கும் நகத்துக்கும் உங்கள் மாவட்டத்துப் படங்களையே சேர்க்கத் தொடங்குங்கள், பயாப்சி முடிவோடு.

வட்டார_எம்ஓ:

இருவருக்கும் நன்றி. நர்ஸ்கள் படம் எடுப்பார்கள், டாக்டர்கள் படிப்பார்கள் என்று பிரிக்கலாமா? சோதனையாக எடுத்துப் பார்த்த படங்களில் பாதி மங்கல். மீதியில் தோல் வெளிறிப்போய், மச்சம் கரும்பொட்டாகத் தெரிகிறது.

லென்ஸ்_துடை:

அந்தப் பிரிவினை சரி. ஆனால் படமெடுக்க அரை நாள் தனியாக ஒதுக்குங்கள்.

வெளிறிப்போவது போனின் வேலை. இருண்ட தோலைக் கண்டால் தானாக வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சாம்பல் நிறம் முதலில் காணாமல் போகும். திரையில் மச்சத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். எச்டிஆரும் அழகுபடுத்தும் அமைப்பும் ஆஃப். டிஜிட்டல் ஜூம் வேண்டாம்.

நான்-போலரைஸ்டு என்றால் கண்ணாடிக்கும் தோலுக்கும் நடுவே திரவம் கட்டாயம். இல்லாவிட்டால் மேல்தோலே ஒளியைத் திருப்பியடிக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. உடம்புக்கு 70% ஆல்கஹால் இரண்டு சொட்டு போதும், கருவியைத் துடைத்ததும் ஆகும். நகத்துக்கும் வளைவான இடத்துக்கும் அல்ட்ராசவுண்ட் ஜெல்தான், ஆல்கஹால் வழிந்துவிடும். கண் பக்கத்திலும் ஆல்கஹால் கூடாது, ஜெல். குமிழி இருந்தால் கருவியை ஒரு ஓரமாகச் சாய்த்து மெதுவாகப் படுக்க வையுங்கள், குமிழி மறுபக்கம் வெளியேறும்.

அழுத்தம் இன்னொரு சங்கதி. கண்ணாடியை அமுக்கினால் ரத்தக் குழாய்கள் வெளுத்து மறைந்துவிடும். சிவந்த கட்டிகளை முதலில் தொடாமல் போலரைஸ்டில் ஒரு படம், பிறகு தொட்டு ஒரு படம்.

ஒரு ஆளுக்கு மூன்று படம்: எந்த இடம் என்று தெரிகிற தூரப் படம், பக்கத்தில் அளவுகோல் வைத்த படம், டெர்மாஸ்கோப் படம். முதல் படத்தில் பதிவு எண் எழுதிய சீட்டைப் பக்கத்தில் வையுங்கள், பெயர் வேண்டாம். காலில் இரண்டு மச்சம் இருந்து எது எதுவென்று தெரியாமல் போவதுதான் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய தலைவலி.

திசு_மேசை:

பேதாலஜி (திசுப் பரிசோதனை) பக்கத்திலிருந்து. அனுப்பப் பழக்கும்போதே, வெட்டுகிற இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். நிறமுள்ள எதையும் கண்டறியாமல் காட்டரி வைத்துச் சுடவோ, உறையவைக்கவோ, லேசர் போடவோ கூடாது. திசு வராவிட்டால் புற்றின் தடிமன் அளக்க முடியாது, சிகிச்சையே தடிமனை வைத்துத்தான் முடிவாகிறது.

முடிந்தால் 2 மி.மீ. ஓரத்தோடு முழுசாக, அடிக்கொழுப்பு வரை எடுக்கச் சொல்லுங்கள். உள்ளங்காலில் பெரிய திட்டு என்றால் முழுசாக எடுப்பது கடினம். அப்போது டெர்மாஸ்கோப்பில் மிக மோசமாகத் தெரிந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஓரத்து வெளிர் பகுதியிலிருந்து எடுத்துவிட்டு "மெலனோமா இல்லை" என்று நாங்கள் எழுதினால், அந்தப் பதில் நோயாளிக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. 12 மணி திசையில் ஒரு தையல், திசுவைப் போல 10 மடங்கு ஃபார்மலின், சீட்டில் "இடது குதிகால், 9 மி.மீ., மேட்டு நிறம், கீழோரம் நீலச் சாம்பல்" என்று ஒரே வரி. அந்த வரி இருந்தால் எந்த இடத்தில் கூடுதல் பிரிவு வெட்டுவது என்று எங்களுக்குத் தெரியும். டெர்மாஸ்கோப் படத்தின் பிரின்ட் கூட வந்தால் இன்னும் நல்லது.

நகத்தில் கறுப்புக் கோடு என்றால் நகத்தட்டைக் கத்தரித்து மட்டும் அனுப்பாதீர்கள். நிறம் பிறக்குமிடம் நகத்தின் வேர், திசு அங்கிருந்து வேண்டும்.

தோல்_ஓபி:

நகம் பற்றி நானும் ஒன்று சேர்க்கிறேன். நம்மவர்களுக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் சகஜம், அதற்காகப் பயமுறுத்த வேண்டாம். ஒரே விரல், நடுவயதுக்குப் பிறகு புதிதாக வந்தது, வேர்ப் பக்கம் அகன்று முனைப் பக்கம் குறுகிய முக்கோணம், நிறம் நகக் கண்ணின் தோலுக்கும் பரவியது, இவற்றில் எது இருந்தாலும் அனுப்புங்கள். மருதாணிக் கறையின் பின்னோரம் நகக் கண்ணின் வளைவுக்கு இணையாக நிற்கும், நகம் வளர வளர முன்னால் தள்ளிப்போகும். அடிபட்ட ரத்தமும் நகர்ந்து போகும், ஆனால் ரத்தம் தெரிகிறது என்பதற்காக மெலனோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது, அடியில் கட்டி இருந்தாலும் கசியும்.

நர்ஸ்களுக்குப் படத்தோடு இன்னொரு பொறுப்பும் கொடுங்கள். சர்க்கரை நோயாளிகளின் கால் பார்க்கும்போது விரலிடுக்கு, குதிகால், நகம் எல்லாம் பார்த்து ஐந்து கேள்வி: நிறம் இருக்கிறதா, நோய் இன்னதென்று உறுதியில்லையா, ரத்தம் கசிகிறதா, பெரிதாகிறதா, 2 மாதமாகியும் ஆறவில்லையா? இரண்டுக்கு "ஆம்" வந்தால் அனுப்பு. இதற்கு டெர்மாஸ்கோப்பே தேவையில்லை. நாள்பட்ட தீக்காயத் தழும்பிலும் தொழுநோய்ப் புண்ணிலும் விளிம்பு தடித்துப் பூத்தாலும் அப்படியே, லென்ஸ் பிடித்துக்கொண்டிராமல் விளிம்பில் பயாப்சி.

பலித்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். தொடக்கத்தில் ஒரு தேர்வு, முடிவில் வேறு படங்களில் ஒரு தேர்வு, மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒன்று. பாதிப் படம் புற்றாக வைத்தால் எல்லாவற்றையும் புற்று என்று சொல்லப் பழகிவிடுவார்கள். 100 படத்தில் 10 புற்று போதும். ஒருவர் 30 படத்தை "அனுப்பு" என்கிறார், அதில் 9 புற்று என்று வையுங்கள். பிடித்தது 10-ல் 9, அதாவது 90%. புற்றில்லாத 90-ல் 21-ஐத் தேவையில்லாமல் அனுப்பினார், 69-ஐச் சரியாக விட்டார், அது 77%. இரண்டு எண்ணையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் அனுப்புகிறவர்தான் முதல் மார்க் வாங்குவார்.

இரண்டு நாளோடு விட்டால் மறந்துபோகும். வாட்ஸ்அப்பில் வாரம் 10 படம், 12 வாரம். வயதும் இடமும் சேர்த்துப் போடுங்கள், ஒவ்வொருவரும் "அனுப்பு / விடு" என்று எழுதிய பிறகே விடை. கூடவே ஒரு பதிவேடு: தேதி, பதிவு எண், இடம், அனுப்பியதா விட்டதா, பயாப்சி முடிவு. கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும், அதை நிரப்ப ஒரு ஆளைப் பெயர் சொல்லி நியமியுங்கள். "விட்டது" வரிசையிலும் படம் இருக்க வேண்டும், தோல் நிபுணர் வாரா வாரம் அதிலிருந்து ஐந்தை எடுத்துப் பார்க்கட்டும். தவறிப்போனது அந்த வரிசையில்தான் இருக்கும்.

வட்டார_எம்ஓ:

பதிவேட்டுக்கு எங்கள் லேப் டெக்னீஷியனைப் போடுகிறேன். முதல் சனிக்கிழமைக்கு மார்க்கர் பேனா, ஜெல், பிளேடு சொல்லியாயிற்று. உள்ளங்கால் மச்சம் உள்ள ஊழியர்கள் நாலு பேர் முன்வந்திருக்கிறார்கள், மை சோதனையை அவர்கள் காலிலேயே செய்து பார்க்கிறோம்.