ஒரே நோயாளி, இரண்டு ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை): எதை நம்புவது?

கேள்வி: சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளி, மூக்குக் குழாயில் 2 லிட்டர் ஆக்சிஜன். முதல் ஏபிஜி: பிஎச் 7.36, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 62, ஆக்சிஜன் அழுத்தம் 60 (இரண்டும் mmHg), பைகார்பனேட் 34. ஒரு மணி நேரம் கழித்து, எதையும் மாற்றாமலே, அதே வரிசையில்: 7.43, 51, 98, 33. விரல் ஆக்ஸிமீட்டரில் ஆக்சிஜன் செறிவு இரண்டு தடவையும் 90%தான். தேறிவிட்டாரா, சாம்பிள் கோளாறா?

பதில் 1: சாம்பிள்தான். ஆக்சிஜன் 98 என்றால் விரலில் 96க்கு மேல் காட்டியிருக்கும். 90 என்பது 60க்குத்தான் பொருந்தும். சிரிஞ்சில் காற்றுக்குமிழி நின்றிருக்கும். காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் 150 அளவில், கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய பூஜ்யம். குமிழி பட்ட ரத்தத்தின் எண்களும் அந்தப் பக்கம் நகரும். ஆய்வகத்துக்குச் சாம்பிள் அனுப்பும் காற்றழுத்தக் குழாயில் அனுப்பினால் குலுங்கி நுரையாகி இன்னும் மோசம். எடுத்தவுடன் சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டி, குமிழியைக் காஸ் துணியில் வெளியேற்றி, மூடி, உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாக உருட்டுங்கள். கையிலேயே கொண்டுபோய் 30 நிமிடத்துக்குள் கருவியில் ஓட்டிவிடுங்கள்.

பதில் 2: சிரிஞ்சில் திரவ ஹெப்பாரின் (ரத்தம் உறையாமலிருக்க இடும் மருந்து) மிச்சமிருந்தால் கார்பன் டை ஆக்சைடோடு பைகார்பனேட்டும் சேர்ந்து இறங்கும், இங்கே அது அசையவில்லை. உலர் ஹெப்பாரின் சிரிஞ்சே நல்லது. தயவுசெய்து 60ஐப் பார்த்து ஆக்சிஜனை ஏற்றாதீர்கள், இவருக்கு இலக்கு விரல் ஆக்ஸிமீட்டரில் 88–92%. கார்பன் டை ஆக்சைடு 62 என்பது பழைய தேக்கம். அதை ஈடுகட்ட ஏறியிருக்கும் பைகார்பனேட் 34 அதைத்தான் சொல்கிறது. சிகிச்சைக்குப் பிறகும் பிஎச் 7.35க்குக் கீழே நின்றால் என்ஐவி (முகமூடி வழியாகத் தரும் செயற்கைச் சுவாசம்) பற்றி யோசியுங்கள்.

கேட்டவர்: மறுபடி குத்தாமல் சிரை ரத்தம் போதுமா?

பதில் 1: பிஎச் பார்க்கப் போதும். கார்பன் டை ஆக்சைடு 45க்குள் இருந்தால் தேக்கம் இல்லை எனலாம். மேலே போனால் அந்த எண்ணை நம்ப முடியாது. தமனியில் குத்தினால் 5 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால் இன்னும் கூடுதலாக.