பழைய 6பிடி இன்ஜின் பிளாக்குல பக்கவாட்டு விரிசல்: தைக்கலாமா, பிளாக்கை மாத்தணுமா?

வள்ளியூர் டிப்பர்:
வண்டி பழைய டாடா, இன்ஜின் கம்மின்ஸ் 6பிடி, 5.9 லிட்டர். தினமும் ஒரு லிட்டர் போல தண்ணி குறையுது, கீழ சொட்டல. பிளாக்கோட பக்கவாட்டுல, கோர் பிளக்குக்கு (வார்ப்புத் துளையை அடைக்கிற தகட்டு மூடி) கொஞ்சம் கீழ, நாலு இஞ்சு நீளத்துக்கு உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு. துடைச்சாலும் மறுநாள் வந்துருது. இதுவரைக்கும் ராதாபுரம் பக்கத்து போர் தண்ணிதான் ஊத்தினது. ஒருத்தர் வெல்டிங் வச்சாப் போதும்ங்காரு, இன்னொருத்தர் பிளாக்கையே மாத்தச் சொல்லுதாரு. எதைக் கேக்க அண்ணாச்சி?

பேட்டை லேத்:
விரிசல் எங்க தொடங்கி எங்க முடியுதுன்னு தெரியாம ரெண்டுல எதையும் செய்யாதீங்க. அந்த இடத்தைத் தின்னர் வச்சுப் பிசுக்கு போகத் துடைங்க. கிரைண்டர் வைக்கக் கூடாது, விரிசல் வாயை இழுத்து மூடிரும். விரிசல் பாக்குற சிவப்புச் சாயம் (டை) அடிச்சு இருபது நிமிஷம் விட்டு, துடைச்சுட்டு வெள்ளை டெவலப்பர் அடிச்சா மயிரிழை மாதிரி சிவப்புக் கோடு மேல வரும். கண்ணுக்குத் தெரிஞ்ச நீளத்தைவிட அது கூடத்தான் இருக்கும்.

கோடு வாட்டர் ஜாக்கெட் (சிலிண்டரைச் சுத்தித் தண்ணி ஓடுற அறை) வெளிச்சுவரோட நின்னுட்டா பிளாக் பிழைச்சுது. கிராங்க்கைத் தாங்குற மெயின் பேரிங் சுவருக்கோ, ஹெட் போல்ட் துளைக்கோ, பிஸ்டன் ஓடுற சிலிண்டர் போருக்கோ போயிருந்தா வேற பிளாக் பாருங்க, அதுல காசைக் கொட்டாதீங்க.

வெல்டிங் ஏன் வேண்டாங்கேன்னா, இது வார்ப்பு இரும்பு, அதுலயும் எண்ணெய் குடிச்ச இரும்பு. சூடு ஒரே இடத்துல ஏறி ஆறும்போது பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி இறுகிரும். வெல்டிங் நிக்கும், அதை ஒட்டிப் புது விரிசல் ஓடும். பிளாக் முழுசையும் காய்ச்சி, மெதுவா ஆற விட வசதி இருந்தாத்தான் அந்தப் பேச்சு.

தையல்தான், அதாவது சூடு வைக்காம பின் இறக்கி விரிசலை மூடுறதுதான், இதுக்கு வழி. விரிசலோட ரெண்டு நுனியிலயும் 3 மி.மீ. துளை போட்டு முதல்ல ஓட்டத்தை நிறுத்தணும். அப்புறம் மரை போட்ட பின்னை ஒண்ணு மேல ஒண்ணு கொஞ்சம் ஏறுத மாதிரி வரிசையா இறக்கணும். அடுத்த துளை முந்தின பின்னையும் கொஞ்சம் தின்னுட்டுப் போகணும், இடையில வெத்து இரும்பு விட்டா அங்கதான் கசியும். முடிச்சதும் ஜாக்கெட் வாயெல்லாம் பிளேட், ரப்பர் வச்சு அடைச்சு, பிளாக்கை வெந்நீருக்குள்ள இறக்கி 40 பிஎஸ்ஐ காத்து கொடுத்து கால் மணி நேரம் பாருங்க. ஒரு குமிழி வந்தாலும் அந்தப் பின்னைத் திரும்பப் போடணும்.

தச்சநல்லூர் டீசல்:
அண்ணாச்சி சொன்னது சரி. இன்ஜினை இறக்குறதுக்கு முன்னால இன்னொண்ணையும் பாருங்க. இதுல ஆயில் கூலர் (இன்ஜின் ஆயிலைத் தண்ணியால குளுத்துற பாகம்) பிளாக்கோட பக்கத்துலயே இருக்கு. அது பொத்தலானா ஓடும்போது ஆயில் பிரஷர் கூடுதல்ங்கிறதால ரேடியேட்டருக்குள்ள ஆயில் வரும். நிறுத்தின பிறகு தண்ணி ஆயிலுக்குப் போகும். அதைப் பிளாக் விரிசல்னு நினைச்சு முழு இன்ஜினையும் பிரிச்சுப் போட்டுறாங்க. உங்களுக்கு ஆயில் கலக்கலன்னா நல்லது, இருந்தாலும் கூலரைக் கழட்டித் தண்ணிக்குள்ள வச்சு 70 பிஎஸ்ஐ கொடுத்துப் பாத்துருங்க.

இன்ஜின் இறங்கினா டைமிங் கியர் கவரை அவிழ்க்காம விடாதீங்க. கியர் ஹவுசிங்கைப் பிளாக்கோட நேர்ப்படுத்துற டவல் பின் (சின்ன இரும்பு முளை) ஒண்ணு உண்டு. அதிர்வுல அது மெல்ல நழுவி கியருக்கு நடுவுல விழுந்தா பல்லும் போகும், ஹவுசிங்கும் உடையும். பக்கத்து போல்ட்டைக் கழட்டி, துளையை மறைக்கிற அளவுக்கு ஒரு தகட்டை அதுக்கு அடியில வச்சு, மரை கழறாம பிடிக்கிற லாக்டைட் பசை போட்டு 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்க. முன் கிராங்க் சீல் போடும்போது எண்ணெய் தடவாதீங்க, ஷாப்டும் சீலும் ஈரமில்லாம இருக்கணும்.

வள்ளியூர் டிப்பர்:
பக்கத்துல 53ன்னு நம்பர் வார்த்த கம்மின்ஸ் பிளாக்னாலே விரிசல் விடும்ங்காங்களே, அதுவா இது?

தச்சநல்லூர் டீசல்:
அது 1999 முதல் 2001 வரைக்கும் அமெரிக்க பிக்அப்புல வந்த 24 வால்வு இன்ஜின் கதை. பிரேசில்ல வார்த்த பிளாக், ஜாக்கெட் சுவர் மெலிசு. உங்க வண்டியில அந்த நம்பரைத் தேட வேண்டாம். போர் தண்ணியைத் தேடுங்க.

பேட்டை லேத்:
அதேதான். கோர் பிளக் எல்லாத்தையும் எடுத்துட்டு உள்ள கம்பி விட்டுப் பாருங்க, ஆறாம் சிலிண்டர் பின்னால சேறும் உப்பும் கல்லா இறுகிக் கிடக்கும். அங்க தண்ணி சுத்தலன்னா இரும்பு ஒரு பக்கம் சூடா, ஒரு பக்கம் குளிர்ச்சியா இழுக்கும், மெலிஞ்ச சுவர் கிழியும். அதைச் சுரண்டி எடுக்காம தையல் போட்டா பக்கத்துல அடுத்த விரிசல் வரும்.

பிரிச்ச கையோட சிலிண்டர் போரையும் அளந்துருங்க. இதுல தனியா மாத்துற லைனர் குழாய் இல்ல, பிளாக்கே போர். புதுசுல 102.00 மி.மீ., 102.116 தாண்டினாலோ, முட்டை வடிவம் 0.038 தாண்டினாலோ ரீபோர்தான், அதாவது போரைப் பெருசாக் கடைஞ்சு பெரிய பிஸ்டன் போடணும். 0.50, 1.00 மி.மீ. கூடுதல் பிஸ்டன் கிடைக்கும், அதுக்கு மேல போருக்குள்ள ஸ்லீவ் குழாய் இறக்கணும். ஹெட்டைப் பூட்டும்போது எல்லா போல்ட்டையும் 90 நியூட்டன் மீட்டர், நீள போல்ட் ஆறையும் மட்டும் 120, கடைசியா எல்லாத்தையும் 90 டிகிரி திருப்பு. வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜின்ல இன்லெட் 0.25, எக்ஸாஸ்ட் 0.51 மி.மீ.

இனி போர் தண்ணி ஊத்தாதீங்க. பேட்டரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணியும் எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊத்துங்க. வழியில குறைஞ்சா ஊத்த, அதே கலவையில அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு வண்டியிலேயே கிடக்கட்டும்.