24 மணி நேரத்தில் ஆஜர்படுத்தணும்னா, குண்டாஸில் ஒரு வருஷம் எப்படி?

குரூப்2_படிப்பு:
கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தணும்னு அரசமைப்புச் சட்டப் பிரிவு 22 சொல்லுது. அப்புறம் குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் உள்ளே வைப்பது எப்படிச் செல்லும்? இன்னொரு குழப்பம்: அறிவுரைக் கழகத்தின் (காவலுக்குப் போதிய காரணம் இருக்கா என்று பார்க்கும் குழு) கருத்து இல்லாமல் 2 மாதம்தான் வைக்கலாம்னு ஒரு கையேடு, 3 மாதம்னு இன்னொரு கையேடு. எதை எழுதுவது?

கறுப்புக்கோட்டு:
22(1), 22(2) இரண்டும் குற்ற வழக்கில் கைதாகிறவருக்கு. காரணம் சொல்லணும், வக்கீலைப் பார்க்க விடணும், 24 மணிக்குள் ஆஜர்படுத்தணும். பயண நேரம் கணக்கில் வராது, ஞாயிற்றுக்கிழமை வரும். லீவு நாளில் மாஜிஸ்திரேட் வீட்டுக்கே கூட்டிப்போய் ரிமாண்ட் வாங்குவது அதனால்தான்.

அடுத்து வரும் 22(3)-ஐ யாரும் படிப்பதில்லை. தடுப்புக் காவலில் (குற்றம் செய்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே அடைத்து வைப்பது) இருப்பவருக்கும் எதிரி நாட்டவருக்கும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது என்கிறது அது. குண்டாஸ் அந்த வழியாக வந்த தடுப்புக் காவல்.

3 மாதம்தான் சரி. 1978-இல் 44ஆவது திருத்தம் அதை 2 மாதமாகக் குறைத்தது. ஆனால் அந்த ஷரத்தை மட்டும் மத்திய அரசு இன்னும் அமலுக்குக் கொண்டுவரவில்லை.

பழையசுவடி:
வரலாற்றுத் தாளுக்கும் இது உதவும். 1950 ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் அமலானது, பிப்ரவரியிலேயே தடுப்புக் காவல் சட்டம் வந்துவிட்டது! அதை எதிர்த்ததுதான் ஏ.கே.கோபாலன் எதிர் மதராஸ் மாநிலம் வழக்கு. சட்டம் தப்பியது. காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆம் பிரிவு மட்டும் அடிபட்டது. 19 (பேச்சு, நடமாட்டம் போன்ற சுதந்திரங்கள்), 21 (உயிர், தனிமனித சுதந்திரம்) பிரிவுகளைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்று நீதிபதி பசல் அலி மாறுபட்டார். அந்தப் பார்வை 1978-இல் மேனகா காந்தி வழக்கில் ஜெயித்தது.

கறுப்புக்கோட்டு:
குண்டர் சட்டத்தின் (1982ஆம் ஆண்டின் 14ஆம் சட்டம்) நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்கிறார்கள். ஆணை போடுவது கலெக்டர் அல்லது போலீஸ் கமிஷனர். காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களை எழுத்தில் தரணும். ஆணை போட்ட 12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தராவிட்டால் ஆணை காலாவதி. காவலில் வைத்த 3 வாரத்துக்குள் கோப்பு அறிவுரைக் கழகத்துக்குப் போகணும். காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தரணும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் விட்டே ஆகணும். 12 மாதம் என்பது உச்சவரம்புதான்.

ஆட்கொணர்வு மனுவில் (காவல் சட்டவிரோதம் என்று நீதிமன்றத்தில் போடும் மனு) ஆணை உடைவது பெரும்பாலும் நடைமுறைத் தவறில்தான். தெரிந்த மொழியில் ஆவணம் தராதது, கண்ணுக்கே புலப்படாத ஜெராக்ஸ், காவலில் இருப்பவரின் முறையீட்டைக் காரணமில்லாமல் இழுத்தடிப்பது. ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் ஜாமீனில் வரப்போகிறார் என்று ஆதாரமே இல்லாமல் எழுதுவதும் அடிக்கடி மாட்டும்.

குரூப்2_படிப்பு:
ஆணை ரத்தானால் அன்றே வெளியே வந்துவிடலாமா?

கறுப்புக்கோட்டு:
மூல வழக்கில் (முதலில் கைதான குற்ற வழக்கு) ஜாமீன் கிடைத்திருந்தால் வரலாம். இல்லையென்றால் ரிமாண்ட் கைதியாக உள்ளேயே இருக்கணும். இரண்டுக்கும் தனித்தனி மனு.