கைக்குழந்தையோடு போர்முனைக்குப் போன ரீடெசல் சீமாட்டி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குப்பம் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். இப்போது போஸ்டிங் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடத்தில். அமெரிக்கச் சுதந்திரப் போரைப் பற்றிப் படித்தபோது, ஃபிரெடரிகா ரீடெசல் என்ற ஜெர்மன் சீமாட்டி மூன்று பெண் குழந்தைகளோடு கணவரைத் தேடிப் போர்முனைக்கே போனார் என்று ஒரே ஒரு வரி இருந்தது. அவ்வளவு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே எப்படிச் சமாளித்தார்?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
தங்கச்சி, அவர் கணவர் பிரன்ஸ்விக் படைத் தளபதி. பிரிட்டன் காசு கொடுத்து அமர்த்திய ஜெர்மன் படைகளில் அதுவும் ஒன்று. 1776 தொடக்கத்தில் அவர் கிளம்பியபோது இந்த அம்மா மாசமாக இருந்தார். பிள்ளை பிறந்து பத்து வாரம்தான், மூன்றையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். மூத்தவளுக்கு 4 வயது, அடுத்தவளுக்கு 2. நடுவே இங்கிலாந்தில் நெடுநாள் தங்கி, 1777 ஜூனில்தான் கனடாவின் கியூபெக்கில் இறங்கினார்.

அதே ஆண்டு பிரிட்டிஷ் படை அமெரிக்கர்களிடம் தோற்ற சரட்டோகா போரைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அக்டோபர் 7 அன்று தளபதிகளுக்கு விருந்து ஏற்பாடு செய்திருந்தார். சாப்பாட்டு மேசையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குண்டடி பட்ட பிரிட்டிஷ் ஜெனரல் ஃப்ரேசரைக் கிடத்தினார்கள். அந்த வலியிலும் அவர், தொந்தரவு கொடுக்கிறேனே என்று இந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தாராம். பிள்ளைகள் விழித்து அழுதால் அவருக்குத் தொல்லையாகுமே என்று இவருக்குக் கவலை. மறுநாள் காலை அவர் இறந்துவிட்டார்.

அப்புறம் பீரங்கித் தாக்குதலுக்குத் தப்ப, காயம்பட்டவர்களும் பெண்களும் பிள்ளைகளும் ஆறு நாள் ஒரு வீட்டு நிலவறையில் இருந்தார்கள். நாற்றம் தாங்காமல் இவரே முன்னின்று பெருக்கவைத்து, நெருப்புக் கங்கில் வினிகர் தெளித்துப் புகை போட்டார். பலத்த காயம்பட்டவர்களுக்கு ஒரு அறை, பெண்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு வாசல் பக்கம் என்று பிரித்துக் கொடுத்தார். மேலே 11 பீரங்கிக் குண்டுகள் வீட்டைத் துளைத்துக்கொண்டு போயின. கணவரோடு ஒட்டிக்கொண்டு போனவர் என்று இவரை ஒரு வரியில் முடிப்பது எனக்கு ஒப்பாது. அங்கே நிர்வாகமே அவர் கையில்தான் இருந்தது.

வேலந்தாவளம் வாசகி:
தண்ணீர் விஷயத்தை விட்டுவிட்டீர்களே அண்ணா! ஆறு கிட்டத்தில்தான், ஆனால் ஆண்கள் போனால் சுட்டுவிடுவார்கள். கடைசியில் ஒரு சிப்பாயின் மனைவி துணிந்து இறங்கித் தண்ணீர் கொண்டுவந்தாள். பெண் என்பதால் எதிராளி சுடவில்லை. சீமாட்டியின் பெயர் நிலைத்துவிட்டது, அவள் பெயர் அப்படி நிலைக்கவில்லை. எனக்கு அதுதான் ஆற்றாமை.

குப்பம் மருமகள்:
அவளைப் பற்றிச் சொன்னதற்கு ரொம்ப நன்றி அக்கா. தோற்ற பிறகு இவர்கள் கதி என்ன ஆயிற்று?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
அக்டோபர் 17 அன்று சரணடைந்தார்கள். எதிரியான அமெரிக்கத் தளபதி ஸ்கைலரே பிள்ளைகளை வண்டியிலிருந்து இறக்கி, தன் கூடாரத்தில் சாப்பாடு போட்டார். அப்புறம் பாஸ்டன் பக்கம், வர்ஜீனியா என்று கைதி வாழ்க்கை. படைக் கொடிகளை மெத்தைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றியதும் இவர்தான். 1780இல் நியூயார்க்கில் பிறந்த மகளுக்கு அமெரிக்கா என்றே பெயர் வைத்தார்கள். 1783இல் ஊர் திரும்பினார்கள்.

சித்தூர் கோட்டை:
அதே காலத்தில் நம் பக்கமும் பிரிட்டிஷாரோடு போர்தான், தங்கச்சி. ஹைதர் அலி 1782 டிசம்பரில் இறந்தது நம் சித்தூர் பக்கத்து நரசிங்கராயன்பேட்டை முகாமில். இந்த அம்மா அப்போது கனடாவில் இருந்தார்.