பசுமைக் கட்டடச் சான்றிதழ்: லீட், கிரிஹா, எட்ஜ் எங்கெங்கே இடறும்?

ஆலோசகர்:
லீட் (அமெரிக்கா), கிரிஹா (இந்தியா), எட்ஜ் (உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.) மூன்றும் பசுமைக் கட்டடங்களுக்குச் சான்றிதழ் தரும் முறைகள். எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது, எதில் பாயிண்ட் சுலபம் என்று கூட்டிக் கழிப்பதைவிட, யார் எப்போது வந்து எதைப் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். லீடில் மொத்தம் 110 பாயிண்ட். 40 இருந்தால் சான்றிதழ், 60-க்கு கோல்டு, 80-க்கு பிளாட்டினம். பரிசீலனை ஆன்லைனில் ஏற்றும் ஆவணங்களை வைத்துத்தான். கிரிஹாவில் வேலை நடக்கும்போதே சைட்டுக்கு ஆள் வரும். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறதா, தூசுத் தடுப்பு நிற்கிறதா என்று நேரில் பார்ப்பார்கள். மண்ணை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கிரிஹாவில் பதிவு செய்தால் அந்தப் பாயிண்ட் போனதுதான். 2,500 சதுர மீட்டருக்கு உட்பட்ட கட்டடம் என்றால் ஸ்வகிரிஹா, அதாவது சிறிய கட்டடங்களுக்கான கிரிஹா.

எட்ஜில் பாயிண்டே கிடையாது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருளில் அடங்கிய ஆற்றல் அல்லது கார்பன் (அதாவது அதைத் தயாரிப்பதில் செலவாவது, வெளியாவது), மூன்றிலும் தலா 20% மிச்சம் காட்ட வேண்டும். ஒன்றில் 35 வந்து இன்னொன்றில் 18 நின்றால் சான்றிதழ் இல்லை. சூளைச் செங்கல்லில் பிடிவாதமாக இருப்பவர்கள் முதலில் அந்த மூன்றாவதைப் பாருங்கள்.

ஏசி டிசைனர்:
சென்னையில் லீட் வி4 (நான்காம் பதிப்பு) எடுப்பவர்கள் மாட்டுவது ஃப்ளஷ்-அவுட்டில், அதாவது புதுக் கட்டடத்தின் ரசாயன நெடியை வெளிக்காற்றால் வெளியேற்றுவதில். ஆட்கள் குடியேறுமுன் ஒவ்வொரு சதுர அடிக்கும் 14,000 கன அடி வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். 50,000 சதுர அடி ஆபீஸ் என்றால் 70 கோடி கன அடி. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஃப்ரெஷ் ஏர் யூனிட் 7,000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்றால் ராப்பகலாக ஓடினாலும் 69 நாள்! பெயின்ட், கார்பெட், ஃபர்னிச்சர் எல்லாம் முடிந்த பிறகுதான் எண்ணத் தொடங்க முடியும் என்பதால் முன்கூட்டி ஓட்டியும் பயனில்லை.

சதுர அடிக்கு 3,500 கன அடி போனதும் ஆட்களை உட்காரவைத்து மீதியை அப்புறம் முடிக்கலாம்தான். ஆனால் அதற்குச் சதுர அடிக்கு 0.3 சி.எஃப்.எம்., அதாவது 15,000 வேண்டும். யூனிட்டில் பாதிகூட இல்லை. போதாததற்கு உள்ளே ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம்மூர்க் கடற்கரைக் காற்றை அவ்வளவு உலர்த்த சில்லர் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) முழு லோடில் ஓட வேண்டும். ஈ.பி. சர்வீஸ் வராமல் ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் டீசல் பில்லை நினைத்தே விட்டுவிடுவார்கள்.

இன்டீரியர் கான்ட்ராக்டர்:
அதற்குப் பதில் காற்றுப் பரிசோதனை செய்யலாம். ஃப்ளஷ்-அவுட்டுக்கு 1 பாயிண்ட், இதற்கு 2. ஃபார்மால்டிஹைடு வாயு 27 பி.பி.பி. (நூறு கோடியில் 27 பங்கு), மொத்த வி.ஓ.சி. (பெயின்ட், பாலிஷிலிருந்து ஆவியாகும் ரசாயனங்கள்) ஒரு கன மீட்டருக்கு 500 மைக்ரோகிராம் தாண்டக் கூடாது. கெடுப்பது பெரும்பாலும் சுவர் பெயின்ட் அல்ல, வெனீருக்கு (பலகை மேல் ஒட்டும் மெல்லிய மரத்தகடு) சைட்டிலேயே அடிக்கும் மெலமைன் பாலிஷ். பட்டறையில் அடித்து உலர்த்திக் கொண்டுவந்து மாட்டுங்கள். கடைசி வாரத்தில் ‘டச்-அப்’ என்று தின்னர் டின்னைத் திறக்க விடாதீர்கள்.

சைட் இன்ஜினியர்:
தண்ணீர் விஷயத்தில் ஒன்று. பொதுக் கழிப்பறைக் குழாய்க்கு லீடின் அடிப்படை நிமிடத்துக்கு 1.9 லிட்டர். ஆவணத்தில் அந்த அளவுக்கான மாடல் இருக்கும். பர்ச்சேஸில் மலிவான வேறொன்று வந்துவிடும். போர் தண்ணீர் உப்பு அடைத்ததும் பிளம்பர் ஏரேட்டரையே (குழாய் முனையில் நீரின் வேகத்தைக் குறைக்கும் சல்லடை) கழற்றிவிடுவதும் உண்டு. ஒரு லிட்டர் மக்கைக் குழாயடியில் பிடியுங்கள். நிரம்ப 32 விநாடி ஆக வேண்டும். பத்து விநாடியில் வழிந்தால் ஏரேட்டர் பிளம்பரின் பையில் இருக்கிறது.